டியூபுலின் எல்லா உயிரிலும் ஒன்றுதான் என்றால், பூச்சி மருந்து ஏன் புழுவை மட்டும் கொல்கிறது?

கேட்டவர் பட்டர்வொர்த்தில் ஆறாம் படிவம் படிக்கும் ஒரு தம்பி. அவர் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். செல்லுக்குள் இருக்கும் நுண்குழல்களைக் கட்டும் டியூபுலின் என்ற புரதம் ஈஸ்ட்டிலிருந்து மனிதன் வரை கிட்டத்தட்ட மாறவே இல்லை என்று வகுப்பில் சொல்லித் தந்திருக்கிறார்கள். வீட்டில் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் பூச்சி மாத்திரை அந்த டியூபுலினைத்தான் தாக்குகிறது என்றும் எங்கோ படித்திருக்கிறார். இரண்டும் உண்மையென்றால் புழுவோடு சேர்த்து நமக்கும் அல்லவா ஆபத்து? அப்புறம் கூடவே இன்னொரு கேள்வி: மூளை செல்லில் இருக்கும் நுண்குழலும் தோல் செல்லில் இருக்கும் நுண்குழலும் ஒரே சரக்குதானா?

தம்பி, இரண்டு செய்தியும் உண்மைதான். டியூபுலினின் உடல் பகுதி நூறு கோடி ஆண்டுகளுக்கு மேலாக மிகக் கொஞ்சமே மாறியிருக்கிறது. மாறியது சில இடங்கள் மட்டும். ஆனால் அந்தச் சில இடங்களில்தான் மருந்து ஒட்டுகிறது, அங்கேதான் நோய் வருகிறது, ஒரு செல்லின் நுண்குழல் இன்னொரு செல்லின் நுண்குழலிலிருந்து பிரிவதும் பெரும்பாலும் அங்கேதான். எவ்வளவு மாறியிருக்கிறது என்று விழுக்காட்டைப் பார்ப்பதைவிட எங்கே மாறியிருக்கிறது என்று பார்த்தால் இந்தப் பாடம் முழுவதும் வேறு மாதிரி தெரியும்.

அடிப்படையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஆல்பா டியூபுலின், பீட்டா டியூபுலின் என்று இரண்டு புரதங்கள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 450 அமினோ அமிலங்கள் நீளம், எடை 50,000 டால்டன் அளவு. இரண்டும் ஜோடியாகச் சேர்ந்து 8 நானோமீட்டர் நீளமுள்ள ஓர் அலகாகின்றன. அலகுகள் ஒன்றின் தலையில் ஒன்றாக அடுக்கினால் ஓர் இழை, பெரும்பாலும் அப்படி 13 இழைகள் பக்கவாட்டில் ஒட்டி வளைந்தால் 25 நானோமீட்டர் விட்டமுள்ள ஒரு குழல். இரண்டு புரதமும் ஜிடிபி (GTP) என்ற மூலக்கூறைப் பிடித்துக்கொள்ளும். ஆல்பா பிடித்தது உள்ளேயே மாட்டிக்கொள்ளும், பீட்டா பிடித்தது குழலில் சேர்ந்த பிறகு உடைந்துபோகும். அது உடைவதால்தான் குழல் வளர்ந்துகொண்டே இருந்து திடீரென்று சரிகிறது. இந்தத் திடீர்ச் சரிவை 1984-இல் மிட்சிசனும் கிர்ஷ்னரும் காட்டினார்கள். செல் பிரியும்போது குரோமோசோம்களைத் தேடிப் பிடிக்கும் வேலை இந்த ஏற்ற இறக்கம் இல்லாமல் நடக்காது.

இப்போது ஒற்றுமை. மனிதனின் பீட்டா டியூபுலினையும் ரொட்டி மாவைப் பொங்கவைக்கும் ஈஸ்ட்டின் பீட்டா டியூபுலினையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு அமினோ அமிலங்கள் அப்படியே ஒத்துப்போகும். ஒரே மனித செல்லுக்குள் இருக்கும் ஆல்பாவும் பீட்டாவும் தங்களுக்குள் 40 விழுக்காடுதான் ஒத்துப்போகின்றன. அதாவது என் பீட்டா என் ஆல்பாவைவிட ஈஸ்ட்டின் பீட்டாவுக்கு நெருங்கிய சொந்தம். இந்த ஒரு செய்தியே எவ்வளவோ சொல்கிறது, ஆல்பாவும் பீட்டாவும் பிரிந்தது மனிதனும் ஈஸ்ட்டும் பிரிந்ததற்கு வெகு முன்பு என்று அர்த்தம். 1986-இல் கோழியின் பீட்டா பாதியும் ஈஸ்ட்டின் பீட்டா பாதியும் ஒட்டிய ஒரு கலப்புப் புரதத்தை எலி செல்லுக்குள் உண்டாக்கிப் பார்த்தார்கள். எலியின் நுண்குழல்கள் அதையும் சேர்த்துக்கொண்டே வளர்ந்தன.

ஏன் இவ்வளவு பிடிவாதமாக மாறாமல் இருக்கிறது? வேலை முக்கியமானது, அதனால் மாறவில்லை என்று பலர் பதில் சொல்வார்கள். எனக்கு அது போதாது. முக்கியமான வேலை செய்யும் புரதங்கள் எத்தனையோ தாராளமாக மாறியிருக்கின்றன. டியூபுலினின் சிக்கல் வேறு: அதன் எந்தப் பக்கத்தைத் தொட்டாலும் அங்கே யாரோ இருக்கிறார்கள். மேலே ஓர் அலகு, கீழே ஓர் அலகு, இடமும் வலமும் பக்கத்து இழைகள், நடுவில் ஜிடிபி, வெளிப்புறத்தில் கைனெசின், டைனீன் போன்ற மோட்டார் புரதங்கள் நடக்கும் தடம், உருவாகும் நேரத்தில் அதை மடித்துக்கொடுக்கும் உதவிப் புரதங்கள் வேறு. தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்குப் போகும் கூட்டத்தின் நடுவில் நிற்பவரை நினைத்துக்கொள்ளுங்கள். முழங்கையை ஓர் அங்குலம் அகற்றினாலும் யார் மீதாவது இடிக்கும், தலைக்கு மேலே தூக்கிய கை மட்டும்தான் இஷ்டம்போல் ஆடும். டியூபுலினுக்கும் அப்படி ஒரு தூக்கிய கை இருக்கிறது. ஆல்பா, பீட்டா இரண்டிலும் கடைசிப் பத்து இருபது அமினோ அமிலங்கள் குழலின் வெளிப்பக்கம் வாலாக நீட்டிக்கொண்டு நிற்கின்றன. மாற்றங்கள் அதிகம் குவிந்திருப்பது அந்த வாலில்தான்.

இன்னும் பின்னால் போனால் பாக்டீரியாவிலேயே இதன் சொந்தக்காரர் உண்டு. எஃப்டிஎஸ்இசட் என்ற புரதம், பாக்டீரியா இரண்டாகப் பிரியும் இடத்தில் வளையம் போடுவது. டியூபுலினோடு வரிசை ஒற்றுமை 20 விழுக்காட்டுக்கும் குறைவு, வரிசையை மட்டும் பார்த்தால் உறவு என்று அடித்துச் சொல்லவே முடியாது. 1998-இல் இரண்டின் முப்பரிமாண வடிவமும் அடுத்தடுத்து வெளிவந்தபோதுதான் இரண்டும் ஒரே மடிப்பு என்பது சந்தேகமில்லாமல் தெரிந்தது. ஜிடிபியைப் பிடிக்கும் இடத்தில் கிளைசின் மூன்று, திரியோனின், மறுபடி கிளைசின் என்ற தொடர் இரண்டிலும் அப்படியே இருக்கிறது. செடிகளின் பசுங்கணிகத்திலும் (குளோரோபிளாஸ்ட்) எஃப்டிஎஸ்இசட் இருக்கிறது, பசுங்கணிகம் ஒரு காலத்தில் தனி பாக்டீரியாவாக இருந்ததன் அடையாளம் அது. புரோஸ்தீகோபாக்டர் என்ற பாக்டீரியாவில் மட்டும் நம்முடையதைப் போன்றே ஆல்பா பீட்டா ஜோடி ஒன்று இருக்கிறது, ஆனால் அது கட்டுவது நான்கே இழைகள் கொண்ட குட்டிக் குழல். எல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றில் கிடைத்த ஓடின் ஆர்க்கியா என்ற நுண்ணுயிரின் மரபணுத் தொகுதியிலும் டியூபுலின் மரபணு இருக்கிறது. நம் வகை செல்கள் தோன்றும் முன்பே இந்தப் புரதத்தின் கதை தொடங்கிவிட்டது என்பதற்கு அது ஒரு நல்ல சான்று.

ஆல்பா, பீட்டாவோடு குடும்பம் முடியவில்லை. 1989-இல் ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சையில் காமா டியூபுலினைக் கண்டுபிடித்தார்கள். குழல் தொடங்கும் இடத்தில் வளையமாக நின்று அடித்தளம் போடுவது அதன் வேலை, நுண்குழல் உள்ள எல்லா உயிரிலும் அது உண்டு. டெல்டா, எப்சிலான் என்று இன்னும் இரண்டு, அவை எல்லாரிடமும் இல்லை. செல்லுக்குள் குட்டி உருளைபோல நுண்குழல்களால் ஆன சென்ட்ரியோலில் மூன்று மூன்றாக ஒட்டிய குழல்கள் யாரிடம் இருக்கின்றனவோ பெரும்பாலும் அவர்களிடம்தான் இவையும் இருக்கும். மனிதனிடம் இருக்கிறது. ஈஸ்ட்டிலும் பழ ஈயிலும் உருண்டைப் புழுவிலும் இல்லை.

சரி, இரண்டாவது கேள்விக்கு வருகிறேன், அது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஒரே உடலுக்குள் எல்லா டியூபுலினும் ஒன்றா? இல்லை. மனிதனிடம் பீட்டாவுக்கு மட்டும் ஒன்பது மரபணுக்கள், ஆல்பாவுக்கும் ஏழெட்டு. ஈஸ்ட்டுக்கு ஒரே ஒரு பீட்டா, இரண்டு ஆல்பா, அதை வைத்துக்கொண்டே அது குடும்பம் நடத்துகிறது. கிளாமிடோமோனாஸ் என்ற ஒற்றைச் செல் பாசியில் பீட்டாவுக்கு இரண்டு மரபணு இருந்தாலும் இரண்டும் எழுதுவது ஒரே புரதத்தைத்தான். அந்த ஒரே பீட்டாவை வைத்துக் கசையிழையும் செய்கிறது, செல் பிரிவுக்கான கதிரும் செய்கிறது. ஆக, வேலை வேறு என்றால் புரதமும் வேறாக இருந்தே ஆகவேண்டும் என்ற சட்டம் கிடையாது. இதைக் கவனத்தில் வைத்துக்கொண்டால்தான், வேறாக இருந்தே ஆகவேண்டிய சில இடங்களின் அருமை புரியும்.

மனிதனில் டியூபிபி1 என்ற பீட்டா கிட்டத்தட்ட இரத்தத் தட்டணுக்களுக்காகவே இருக்கிறது. தட்டணு தட்டு வடிவில் நிற்பதே அதன் விளிம்பைச் சுற்றி ஓடும் நுண்குழல் வளையத்தால்தான், அந்த மரபணு பழுதானால் தட்டணுக்கள் பெரிதாக, உருண்டையாக, எண்ணிக்கையில் குறைவாக உருவாகும். டியூபிபி3 நரம்பு செல்களின் அடையாளம் என்றே சொல்லலாம், ஆய்வகத்தில் ஒரு செல் நரம்பு செல்லாக மாறியதா என்று பார்க்க அதைத்தான் சாயமிட்டுத் தேடுவார்கள். அதில் ஓர் அமினோ அமிலம் மாறினால் கண்ணை அசைக்கும் தசைகளுக்குப் போகவேண்டிய நரம்பு சரியாகப் போய்ச் சேராத பிறவிக் கோளாறு வரலாம். டியூபிஏ1ஏ என்ற ஆல்பாவில் மாற்றம் வந்தால் கருவில் நரம்பு செல்கள் தம் இடத்துக்கு நகர முடியாமல் மூளையின் மடிப்புகளே சரியாக உருவாவதில்லை. டியூபிபி8 இன்னும் வியப்பு. அது குரங்கினத்திலும் மனிதரிலும் மட்டும் உள்ளது, வேலை செய்வது முக்கியமாகக் கருமுட்டையில். அதில் திரிபு உள்ள பெண்களின் கருமுட்டை முதிர்ச்சியடையாமல் நின்றுவிடுகிறது என்று 2016-இல் கண்டார்கள். எலியில் அந்த மரபணுவே இல்லாததால், எலியை மட்டும் ஆராய்ந்துகொண்டிருந்தால் இது தெரியவே வாய்ப்பில்லை.

குழலின் தடிமனே மாறும் இடமும் உண்டு. ஒரு மில்லிமீட்டர் நீளமே உள்ள சீனோரப்டைட்டிஸ் எலகன்ஸ் என்ற உருண்டைப் புழுவில், தொடுதலை உணரும் நரம்புகளில் மட்டும் நுண்குழலுக்கு 15 இழைகள், மற்ற செல்களில் பெரும்பாலும் 11. அந்த 15-ஐ உண்டாக்குவது எம்இசி7 என்ற பீட்டாவும் எம்இசி12 என்ற ஆல்பாவும், இவை பழுதானால் புழு மெல்லத் தொட்டால் உணராது. இதை ஆராய்ந்த மார்ட்டின் சால்ஃபி, 1994-இல் பச்சையாக ஒளிரும் ஜிஎஃப்பி புரதத்தை ஒரு விலங்குக்குள் முதன்முதலாக ஒளிரவைத்தபோது பயன்படுத்தியதும் இந்த எம்இசி7 மரபணுவின் முன்பகுதியைத்தான், அந்த ஜிஎஃப்பி வேலைக்காக 2008-இல் நோபல் பரிசு வந்தது. இன்னொரு சோதனை எனக்கு இன்றும் அழகாகத் தெரிகிறது: ஓர் அந்துப்பூச்சியின் விந்தகப் பீட்டாவை எடுத்துப் பழ ஈயின் விந்தகத்தில் கூடவே உண்டாக்கினார்கள். பழ ஈயின் விந்து வாலில் சில குழல்கள் அந்துப்பூச்சியில் இருப்பதுபோல 16 இழைகளோடு வந்து நின்றன. புரதத்தின் வரிசைக்குள்ளேயே வடிவத்தின் கட்டளை இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

மரபணு ஒன்றாகவே இருந்தாலும் செய்து முடித்த பிறகு செல் அதில் கைவைக்கும். ஆல்பாவின் வால் நுனியில் உள்ள டைரோசின் என்ற அமினோ அமிலத்தை ஒரு நொதி வெட்டும், இன்னொரு நொதி திரும்ப ஒட்டும். இதை 1970-களில் அர்ஜென்டினாவில் கண்டுபிடித்தார்கள், வெட்டும் நொதி எது என்று தெரிய 2017 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வாலில் குளூட்டமேட்டைக் கிளைகிளையாகத் தொங்கவிடுவதும் உண்டு, கிளைசினைத் தொங்கவிடுவதும் உண்டு. கிளைசின் வகை முக்கியமாகச் சிலியா என்ற நுண்மயிர்களிலும் விந்து வாலிலும் காணப்படுவது, அதைச் செய்யும் நொதிகளை நீக்கிய ஆண் எலிகளின் விந்து நேராக நீந்தாமல் வட்டமடித்தது. மூளையின் டியூபுலினில் குளூட்டமேட் நிறைய, நீண்டநாள் நிலைத்து நிற்கும் குழல்களில் டைரோசின் வெட்டப்பட்டது நிறைய, இப்படி ஒவ்வொரு செல்லும் ஒரே குழலின் மேல் தன் கணக்கை எழுதிக்கொள்கிறது. ஆகவே உங்கள் தோலும் மூளையும் ஒரே புரதக் குடும்பத்தை எடுத்துக்கொண்டு, வேறு விகிதத்தில் கலந்து, வேறு அலங்காரம் செய்து வைத்திருக்கின்றன. ஒரே சரக்கு என்று சொல்ல முடியாது.

குழலோடு ஒட்டி வாழும் புரதங்களில் வேறுபாடு இன்னும் அதிகம், ஆனால் அங்கும் ஒரு பழைய மையம் இருக்கிறது. தவளை முட்டையில் 1987-இல் கண்ட எக்ஸ்மேப்215 என்ற புரதம் குழலின் நுனியில் நின்று டியூபுலின் ஜோடிகளைச் சேர்த்து வளர்ச்சியை வேகப்படுத்தும். அதன் சொந்தம் மனிதனில் சிஎச்டாக், ஈயில் மினி ஸ்பிண்டில்ஸ், புழுவில் ஸிக்9, ஈஸ்ட்டில் எஸ்டியூ2, அராபிடாப்சிஸ் என்ற செடியில் மார்1. டியூபுலினைப் பிடிக்கும் டாக் பகுதிகள் தவளையிலும் மனிதனிலும் ஐந்து, ஈஸ்ட்டில் இரண்டே, அதனால் ஈஸ்ட் இரண்டு மூலக்கூறுகளை ஜோடி சேர்த்துப் பயன்படுத்துகிறது. கைகளின் எண்ணிக்கை மாறியது, வேலை மாறவில்லை. டாவ் புரதம் அப்படியல்ல. 1975-இல் கண்டுபிடிக்கப்பட்ட அது விலங்குகளின் சொத்து, செடியிலும் ஈஸ்ட்டிலும் அந்தக் குடும்பமே கிடையாது. நரம்பு செல்லின் ஆக்ஸான் என்ற நீண்ட இழையில் டாவ் நிறைய, அதன் உறவான மேப்2 கிளைகளில் நிறைய, மற்ற பல செல்களில் மேப்4. வளர்ந்த மனித மூளையில் டாவ் ஆறு வடிவங்களில் வருகிறது, குழலைப் பிடிக்கும் பகுதி சிலவற்றில் மூன்று முறை, சிலவற்றில் நான்கு முறை. வளர்ந்த எலி மூளையில் கிட்டத்தட்ட எல்லாமே நான்கு. அல்ஸைமர் நோயில் சிக்கலாகச் சேர்வது இந்த டாவ்தான் என்பதால், எலியில் கண்டதை மனிதனுக்கு அப்படியே நீட்டுவதில் ஆய்வாளர்கள் எச்சரிக்கையாக இருக்கிறார்கள். எச்சரிக்கை இன்னும் கொஞ்சம் கூடினாலும் நல்லது என்பது என் எண்ணம்.

செடிகளோ தனி வழி. பூக்கும் செடிகளுக்குச் சென்ட்ரியோல் கிடையாது, டைனீனும் கிடையாது. அதற்கு ஈடுபோலக் கைனெசின் குடும்பம் பெருகியிருக்கிறது, மனிதனுக்கு 45 என்றால் அராபிடாப்சிஸுக்கு 61. நுண்குழல்கள் செல் சவ்வின் அடியில் பட்டை பட்டையாக ஓடி, செல்லுலோஸை இழைக்கும் நொதிகளுக்குத் தடம் போட்டுத் தருகின்றன. செடி நேராக வளர்வதற்கே அது வேண்டும். ஆல்பா டியூபுலினில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியதால் வேர், தண்டு, பூவிதழ் என்று முழுச் செடியும் இடப்பக்கம் முறுக்கிக்கொண்டு வளர்ந்ததை 2002-இல் ஜப்பானியர்கள் காட்டினார்கள். எட்டு நானோமீட்டர் அலகில் நடந்த மாற்றம் கண்ணுக்குத் தெரியும் முறுக்காக வந்து நிற்கிறது!

இப்போது பூச்சி மருந்து. அல்பெண்டசோல், மெபெண்டசோல் இரண்டும் பென்சிமிடசோல் வகை. இவை பீட்டா டியூபுலினில் போய் ஒட்டி, குழல் கட்டுவதை நிறுத்தும். தன் குடல் செல்களின் குழல்கள் கலைந்துபோவதால் புழு குளுக்கோஸை எடுக்க முடியாமல் மெல்லச் சாகும். ஒட்டும் இடத்தில் முக்கியமான ஒன்று பீட்டாவின் 200-ஆம் அமினோ அமிலம். புழுவில் அது ஃபீனைல்அலனின். மனிதனிலும் ஆட்டிலும் மாட்டிலும் டைரோசின். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒரே ஓர் ஆக்சிஜன் அணு. அந்தச் சின்ன வித்தியாசம் மருந்தின் பிடிமானத்தைப் பெரிதும் குறைக்கிறது, நம் டியூபுலினில் அது புழுவில் ஒட்டுவதுபோல இறுக்கமாக ஒட்டுவதில்லை.

இது ஊகமல்ல, புழுக்களே நிரூபித்தவை. ஆட்டின் வயிற்றில் இரத்தம் உறிஞ்சும் ஹீமாங்கஸ் என்ற புழு இந்த மருந்துக்கு மசியாமல் போனபோது, அதன் பீட்டாவில் 200-ஆம் இடம் ஃபீனைல்அலனினிலிருந்து டைரோசினாக மாறியிருந்தது. அதாவது புழு தன் டியூபுலினை அந்த ஓர் இடத்தில் ஆட்டின் டியூபுலினைப் போல ஆக்கிக்கொண்டது. மலேசிய ஆட்டுப் பண்ணைகளிலும் இந்த மருந்துக்கு மசியாத புழுக்கள் பற்றி 1990-களிலிருந்தே பதிவுகள் உண்டு, ஆடு வளர்க்கும் சொந்தக்காரர்கள் இருந்தால் மருந்து ஏன் முன்போல் கேட்கவில்லை என்று அவர்கள் புலம்புவதை நீங்களே கேட்டிருக்கலாம். 167, 198 ஆகிய இடங்களிலும் இதுபோன்ற மாற்றம் நடக்கிறது. பயிர்களில் தெளிக்கும் பெனோமில் வகைப் பூஞ்சைக்கொல்லியும் இதே பென்சிமிடசோல் குடும்பம்தான், அதை எதிர்த்துத் தப்பிய பூஞ்சைகளில் 198, 200 என்று அதே இடங்கள் மாறியிருக்கின்றன. பூஞ்சையும் புழுவும் ஒன்றையொன்று அறியாமல் ஒரே கதவைச் சாத்தியிருக்கின்றன.

இங்கே ஒரு நிதானம் வேண்டும். நம் டியூபுலின் இந்த மருந்தை முற்றிலும் கண்டுகொள்ளாது என்று நினைக்க வேண்டாம். பூச்சிக்காக ஒரே வேளை 400 மில்லிகிராம் விழுங்கும்போது பெரும்பகுதி குடலிலேயே தங்கிவிடுகிறது, இரத்தத்தில் சேர்வது கொஞ்சம். அந்த மோசமான உறிஞ்சுதலும் நம்மைக் காக்கிறது. மூளையில் நாடாப்புழுக் கட்டி போன்ற நோய்க்கு வாரக்கணக்கில் கொடுக்கும்போது மருத்துவர்கள் இரத்த அணுக்களையும் கல்லீரலையும் பரிசோதித்துக்கொண்டே இருப்பார்கள், கருவுற்ற முதல் மூன்று மாதங்களில் தவிர்ப்பார்கள். வேகமாகப் பிரியும் செல்கள் இருக்கும் இடங்களில் டியூபுலின் மருந்து தன் வேலையைக் காட்டும் என்பதால்தான் இந்தக் கவனம்.

களைக்கொல்லியில் இதே கதை ஆல்பா பக்கம் நடக்கிறது. டிரைஃபுளுராலின், பெண்டிமெத்தலின், ஒரிஸாலின் ஆகியவை செடியின் ஆல்பா டியூபுலினில் ஒட்டும், முதுகெலும்புள்ள விலங்குகளின் டியூபுலினில் ஒட்டாது. நம் திடல்களிலும் செம்பனைத் தோட்டங்களிலும் மிதித்தாலும் சாகாமல் படர்ந்திருக்கும் ஒரு புல், மலாயில் ரும்புட் சம்பாவ் என்பார்கள், கேழ்வரகுக்கு நெருங்கிய சொந்தம். அமெரிக்கப் பருத்தி வயல்களில் அந்தப் புல் இந்த மருந்துகளை எதிர்த்து நின்றபோது, அதன் ஆல்பாவில் 239-ஆம் இடத்தில் திரியோனின் போய் ஐசோலூசின் வந்திருப்பதை 1998-இல் கண்டார்கள். நம் ஊரில் அதே புல் கிளைஃபோசேட்டுக்கு மசியாமல் போனது தனிக் கதை, அதற்கும் டியூபுலினுக்கும் சம்பந்தமில்லை, குழப்பிக்கொள்ள வேண்டாம். ஒரிஸாலின் டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியின் டியூபுலினையும் பிடிக்கிறது. பூனை வழியாக வரும் அந்த ஒட்டுண்ணி, இந்த ஓர் இடத்தில் நம்மைவிடச் செடியைப் போல இருக்கிறது.

இயற்கையே தயாரித்த நஞ்சுகளும் இப்படித்தான் ஆளைப் பார்த்து வேலை செய்கின்றன. செங்காந்தள் கிழங்கில் உள்ள கோல்ச்சிசின் ஆல்பாவும் பீட்டாவும் சேரும் இடத்தில் புகுந்துகொள்ளும். விலங்கு டியூபுலினை மிகக் குறைந்த அளவிலேயே பிடிக்கும், செடிகளின் டியூபுலினுக்குப் பல நூறு மடங்கு கூடுதலாக வேண்டும். கவுட் வலிக்கு மருத்துவர் எழுதித்தரும் அதே மருந்து அளவு மீறினால் ஆளைக் கொல்லும், கிழங்கை யாரும் வீட்டு வைத்தியமாக அரைத்துக் குடித்துவிடக் கூடாது. வீட்டு வாசலில் வளர்க்கும் நித்தியகல்யாணியிலிருந்து வரும் வின்கிரிஸ்டின் பிள்ளைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் முக்கிய மருந்து. அதை எடுப்பவர்களுக்குக் கை கால் மரத்துப்போவது ஏன் என்று இப்போது உங்களுக்கே புரியும். நீண்ட ஆக்ஸான் முழுவதும் நுண்குழல் தடத்தை நம்பித்தான் சரக்கு போகிறது. டாக்சால் எதிர்மாறு, குழலைக் கலையவிடாமல் இறுக்கிப் பிடித்தே செல்லைக் கொல்லும், இதை 1979-இல் சூசன் ஹார்விட்ஸ் காட்டினார். ஈஸ்ட்டின் டியூபுலினை அது பிடிப்பதில்லை. ஐந்தே அமினோ அமிலங்களை மாற்றி விலங்கினுடையதைப் போல ஆக்கியவுடன் பிடித்தது. நான்கில் மூன்று பங்கு ஒற்றுமை, ஐந்து இடத்தில் முடிவு.

பாடநூல் எண்களைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். நுண்குழலைப் பற்றி நாம் படிக்கும் வேகம், நீளம், வலிமை எல்லாம் பெரும்பாலும் பன்றி அல்லது மாட்டு மூளையிலிருந்து பிரித்த டியூபுலினில் அளந்தவை. மூளையில் அது மிகுதி, அதுவுமல்லாமல் குளிரில் கலைந்து சூட்டில் சேரும் குணத்தை வைத்துச் சுலபமாகப் பிரித்துவிடலாம். பாக்டீரியாவுக்குள் டியூபுலினை உண்டாக்கி எடுக்க முடியாது, மடித்துத் தரும் சிசிடி என்ற பெரிய உதவிப் புரதம் அங்கே இல்லை. ஆகவே பல பத்தாண்டுகள், பல வகை கலந்த, பல அலங்காரம் செய்த மூளைச் சரக்கைத்தான் டியூபுலின் என்று நாம் அளந்துகொண்டிருந்தோம். பூச்சி செல்களில் ஒரே வகையைத் தனியாகச் செய்யும் முறை நன்றாக வந்தது 2010-களில்தான். நம் டியூபுலின் 4 டிகிரியில் கலைந்துவிடும் என்பதும் பொதுவிதி அல்ல. அண்டார்டிக் கடலில் உறைநிலைக்கும் கீழே, மைனஸ் 1.9 டிகிரியில் வாழும் மீன்களின் டியூபுலின் அந்தக் குளிரிலேயே குழல் கட்டுகிறது, அதற்கும் சில இடங்களின் அமினோ அமில மாற்றமே காரணம்.

நீங்களே பார்த்துவிட விரும்பினால் யூனிப்ராட் என்ற இலவசத் தரவுத்தளத்தில் மனிதனின் டியூபிபி (TUBB), எலகன்ஸ் புழுவின் பென்1 (ben-1), ஈஸ்ட்டின் டியூப்2 (TUB2) என்ற மூன்று பீட்டாக்களையும் எடுத்து வரிசைப்படுத்தச் சொல்லுங்கள். பென்1 என்பது அந்தப் புழுவை இந்த மருந்துக்கு ஆளாக்கும் பீட்டா, ஆறு பீட்டா மரபணுக்களில் அது ஒன்று போனாலும் புழு பிழைத்துக்கொள்ளும், மருந்தும் வேலை செய்யாது. முதலில் 198, 200 ஆகிய இடங்களைப் பாருங்கள். அப்புறம் கடைசி இருபது எழுத்துகளுக்குப் போங்கள், அங்கே வரிசை ஒத்துப்போகாமல் இடைவெளிக் கோடுகள் விழும். அது கணினியின் தவறு அல்ல, வாலின் நீளமே ஒவ்வொன்றுக்கும் வேறு.